போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பாம்டி: மூன்றையும் ஒரே சர்வரில் ஒன்றோடொன்று பேச வைப்பது எப்படி?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சங்கத்தின் மாடி அறையில், சில மாதங்களாகச் சனிக்கிழமைப் பிற்பகல்களில் தொண்டூழியர்கள் நான்கைந்து பேருக்கு மெயில் சர்வர் அமைக்கக் காட்டி வருகிறேன். எல்லாரும் நன்றாக லினக்ஸ் தெரிந்தவர்கள். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸைத் தனியாக நிறுவச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், மெயிலைப் பெட்டியில் சேமித்துக் காட்டும் டவ்காட்டும் அப்படித்தான். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் ஒருவர் விடாமல் எல்லாரும் தடுக்கினார்கள். அந்த இடங்களை நான் மூட்டு என்று சொல்வேன். இந்த வழிகாட்டி மூட்டுகளைப் பற்றியது.

ஒரு மூட்டைப் போட்டுச் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் நிறுவிவிட்டுக் கடைசியில் ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தால், வராத மெயில் எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் அவை சிறிய எழுத்தில் இருக்கும், சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்.

1. சர்வரைத் தொடும் முன்

முதலில் டொமைன். எஸ்ஜி என்று முடியும் பெயரைப் புதிதாகப் பதிந்தால், நிர்வாகத் தொடர்பாளர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாகத் தன்னை உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு 21 நாள் கெடு. தவறவிட்டால் டொமைன் நிறுத்திவைக்கப்படும். அந்தப் பொறுப்பில் யார் பெயர் இருக்கிறதோ, அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்து, மற்ற சர்வர்களுக்கு மெயில் வெளியே போகும் போர்ட் 25 திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் வட்டாரத்தில் கிளவுட் சர்வர் எடுக்கும்போது பலர் இதைக் கேட்பதே இல்லை. அமேசானின் ஈசி2 இயல்பாகவே அதைத் தடுத்து வைத்திருக்கும், விண்ணப்பித்துத்தான் திறக்க வேண்டும். சில இடங்களில் திறக்கவே மாட்டார்கள். இது தெரியாமல் எல்லா வேலையும் முடித்துவிட்டு, உள்ளே வரும் மெயில் வருகிறது, வெளியே போவது மட்டும் வரிசையில் கிடக்கிறது என்று தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஐபி முகவரியிலிருந்து பெயருக்குத் திரும்பும் பதிவு, அதாவது பிடிஆர். இதை உங்கள் டொமைன் பதிவுகளை (டிஎன்எஸ்) மாற்றும் பக்கத்தில் போட முடியாது. ஐபி முகவரி யாருடையதோ அவர்களின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில்தான் போட வேண்டும். ஐபிவி6 இருந்தால் அதற்கும் தனியாக ஒன்று தேவை. ஐபிவி4-க்கு மட்டும் போட்டுவிட்டு விட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் ஐபிவி6 வழியாக ஜிமெயிலுக்குப் போய் அங்கே திருப்பி அனுப்பப்படும். பிடிஆர் கிடைக்காவிட்டால், இனெட் புரோட்டோகால்ஸ் என்ற அமைப்பில் ஐபிவி4 மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் ஓடும். நம் நேரம் 8 மணி நேரம் முன்னால். பிற்பகல் 3 மணிக்கு அனுப்பிய மெயிலை சர்வரின் நடப்புக் குறிப்பான லாகில் 15 மணிக்குத் தேடினால் கிடைக்காது. நேர வலயத்தை ஆசியா/சிங்கப்பூர் என்று முதல் வேலையாக மாற்றுங்கள். அப்புறம், டெபியன் 12-இல் லாகைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வருவதில்லை. பழைய குறிப்புகளில் சொல்லும் மெயில்.லாக் கோப்பு இருக்காது. ஜர்னல்சிடிஎல் கொண்டு பாருங்கள், இல்லையென்றால் ஆர்சிஸ்லாக்கை நிறுவிக்கொள்ளுங்கள். லாக் இல்லாமல் இந்த வேலையில் ஓர் அடிகூட நகர முடியாது.

2. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கும், அனுப்பும், வரிசையில் வைத்திருக்கும். டவ்காட் பெட்டியில் சேமிக்கும், போனுக்கும் அவுட்லுக்குக்கும் காட்டும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும். ஆர்ஸ்பாம்டி குப்பையா என்று தீர்ப்புச் சொல்லும், வெளியே போகும் மெயிலில் கையெழுத்துப் போடும். ஒரு வேலையை இரண்டு பேரிடம் கொடுத்தால் சண்டை வரும். மெயில் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தை ஆர்ஸ்பாம்டி போடுகிறது என்றால், அதே வேலையைச் செய்யும் ஓபன்டிகேஐஎம்மைக் கூடவே நிறுவாதீர்கள்.

போர்ட்டுகளையும் இப்போதே எழுதி வையுங்கள். மற்ற சர்வர்களிடமிருந்து வருவது 25, நம் பயனர்கள் அனுப்புவது 465, 587, படிப்பது 993, போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலைச் சோதிக்கக் கொடுக்கும் இணைப்பான ஆர்ஸ்பாம்டியின் மில்டர் 11332. எஸ்எஸ் கட்டளையை ஓட்டி, 25-இல் ஏற்கெனவே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். டெபியன் தொகுப்பிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினால் எக்சிம் என்ற மற்றொரு மெயில் மென்பொருள் தானாக வெளியேறும். கையால் கம்பைல் செய்து வைத்த பழைய சென்ட்மெயில் அப்படிப் போகாது.

இந்தக் கட்டத்தில் எடுக்க வேண்டிய ஒரு முடிவு பின்னால் இரண்டு இடங்களில் கை கொடுக்கும்: பயனர் பெயர் முழு மின்னஞ்சல் முகவரியாகவே இருக்கட்டும். வெறும் பெயர் வேண்டாம். காரணத்தை 5, 8 இரண்டிலும் சொல்கிறேன்.

3. பெயரும் சான்றிதழும்

போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேம் அமைப்பில் சர்வரின் முழுப்பெயரை வையுங்கள். பிடிஆரில் இருக்கும் அதே பெயர். டொமைனின் மெயிலை வாங்கும் சர்வர் எது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு சுட்டப்போவதும் இதையே. இந்தப் பெயருக்கு நேரடி முகவரிப் பதிவு இருக்க வேண்டும், வேறொரு பெயரைச் சுட்டும் சிநேம் கூடாது.

மைடெஸ்டினேஷன் அமைப்பில்தான் முதல் கண்ணி. நிறுவும்போது கேட்கும் கேள்விக்குப் பலர் டொமைனையே பதிலாகத் தருவார்கள். அது அப்படியே மைடெஸ்டினேஷனில் போய் உட்காரும். அப்புறம் வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ் அமைப்பிலும் அதே டொமைனை எழுதுவார்கள். ஒரு டொமைன் இரண்டிலும் இருக்கக் கூடாது. மைடெஸ்டினேஷன் என்றால் சர்வரில் கணக்கு உள்ள லினக்ஸ் பயனர்களுக்கு. வர்ச்சுவல் என்றால் பெட்டி மட்டும் உள்ளவர்களுக்கு. மைடெஸ்டினேஷனில் சர்வரின் பெயரும் லோக்கல்ஹோஸ்டும் போதும்.

சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்டில் ஒன்றே ஒன்று எடுத்து, போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் அதையே காட்டுங்கள். ஃபுல்செயின் கோப்பைக் கொடுங்கள். இடைச் சான்றிதழ் இல்லாத கோப்பைக் கொடுத்தால் சில மென்பொருள்களில் ஓடும், சிலவற்றில் எச்சரிக்கை வரும். அந்த மாதிரிப் பிழையைத் துரத்துவது மிகவும் சிரமம்.

4. டவ்காட்டைத் தனியாக ஓட விடுங்கள்

போஸ்ட்ஃபிக்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விமெயில் என்று ஒரு லினக்ஸ் பயனரை 5000 என்ற எண்ணில் உருவாக்குங்கள். எல்லாப் பெட்டிகளும் இவர் வீட்டில்தான் இருக்கும். பெட்டிகளின் வடிவம் மெயில்டிர், அதாவது ஒவ்வொரு மெயிலும் தனிக் கோப்பு. பெட்டியைப் படிக்க உதவும் ஐமேப், மெயிலைப் பெட்டிக்கு ஒப்படைக்கும் எல்எம்டிபி, மெயிலைப் பிரித்துப்போடும் சீவ் மூன்றும் டெபியனில் தனித்தனித் தொகுப்புகள். எல்எம்டிபி தொகுப்பை மறந்தவர்களே அதிகம். அது இல்லாவிட்டால் அடுத்த படியில் தேடும் சாக்கெட், அதாவது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் கோப்பு, உருவாகவே ஆகாது.

பத்துப் பதினைந்து பெட்டிகளுக்குத் தரவுத்தளம் தேவையில்லை. ஒரு பாஸ்வேர்ட் கோப்பு போதும். டவ்அட்மின் பிடபிள்யூ கட்டளை தரும் குறியாக்க வரியை அதில் ஒட்டுங்கள். டெபியனில் லினக்ஸ் பயனர் கணக்கைக் கேட்கும் பேம் வழிச் சரிபார்ப்பு இயல்பாகவே இயங்கும். ஆத் கோப்பில் அந்த வரியை முன்னால் # போட்டு முடக்கிவிட்டு, பாஸ்வேர்ட் கோப்பு வரியைத் திறந்துவிடுங்கள்.

சோதனை: டவ்அட்மின் ஆத் டெஸ்ட் கட்டளையில் முழு முகவரியைக் கொடுங்கள். வெற்றி என்று வந்ததும் போனிலிருந்து 993-இல் நுழைந்து பாருங்கள். காலிப் பெட்டி தெரிய வேண்டும். இது நடக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

டெபியன் 13-இல் இருப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. அதில் வருவது டவ்காட் 2.4. கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது. முதல் வரியில் கான்ஃபிக் பதிப்பு எண் வேண்டும், மெயில் லொகேஷன் என்ற ஒரே அமைப்பு மெயில் டிரைவர், மெயில் பாத் என்று பிரிந்திருக்கிறது, சான்றிதழ் அமைப்பின் பெயரும் வேறு. 2.3-க்கு எழுதிய வரிகளை அப்படியே ஒட்டினால் டவ்காட் எழுந்திருக்காது. எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

5. முதல் மூட்டு: போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் மெயிலைக் கொடுப்பது

இதற்கு எல்எம்டிபியைப் பயன்படுத்துங்கள். போஸ்ட்ஃபிக்ஸே மெயில்டிரில் எழுதவும் முடியும். ஆனால் அப்படிச் செய்தால் டவ்காட்டின் சீவ் வடிகட்டி ஓடாது, இடஒதுக்கீட்டுக் கணக்கும் சரியாக இருக்காது.

டவ்காட்டின் எல்எம்டிபி சேவைக்கு ஒரு யூனிக்ஸ் சாக்கெட் கேட்பான் சேருங்கள். சாக்கெட் இருக்க வேண்டிய இடம் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசை அடைவுக்குள் உள்ள பிரைவேட் அடைவு, அதாவது வார், ஸ்பூல், போஸ்ட்ஃபிக்ஸ், பிரைவேட் என்று போகும் பாதை. உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0600. போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் வர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட்டை அந்தச் சாக்கெட்டுக்குக் காட்டுங்கள். இங்கே முழுப் பாதை வேண்டாம், பிரைவேட் என்று தொடங்கினால் போதும்.

இதன் காரணத்தை ஒரு சனிக்கிழமை நேரிலேயே பார்த்தோம். தம்பி ஒருவர் சாக்கெட்டை டவ்காட்டின் ரன் அடைவில் வைத்து, முழுப் பாதையையும் போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கொடுத்திருந்தார். லாகில் "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்ற வரி. "அண்ணே, ஃபைல் இங்கேதானே இருக்கு!" என்று எல்எஸ் அடித்துக் காட்டினார். இருக்கத்தான் செய்தது. ஆனால் டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் சிறைப்பட்டு ஓடுகின்றன. மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் சிரூட் என்ற பத்தியில் ஒய் என்று இருப்பதன் பொருள் அதுதான். அவற்றுக்கு வரிசை அடைவே உலகம். அதற்கு வெளியே இருக்கும் கோப்பு அவற்றின் கண்ணுக்கு இல்லாத கோப்புதான். சாக்கெட்டை உள்ளே நகர்த்தியதும் அடுத்த நிமிடமே மெயில் போனது.

அடுத்து, வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் மேப்ஸ். இதில் உண்மையான முகவரிகளை எழுதி, போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை கோப்பைத் திருத்தினாலும் மறுபடி ஓட்ட வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது போஸ்ட்மேப் உருவாக்கும் கோப்பைத்தான். இந்தப் பட்டியலைக் காலியாக விடவே கூடாது. காலியாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் டொமைனுக்கு வரும் எந்த முகவரியையும் வாங்கிக்கொள்ளும். டவ்காட் பிறகு மறுக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் உடனே திருப்பி அனுப்பும் கடிதத்தை எழுதும். குப்பை மெயிலில் அனுப்புநர் முகவரி பொய் என்பதால், அந்தக் கடிதம் சம்பந்தமே இல்லாத யாருக்கோ போகும். உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏற இது போதும்.

சோதனை: சர்வரிலிருந்தே ஸ்வாக்ஸ் கருவியால் ஒரு மெயில் அனுப்புங்கள். 550 5.1.1, பயனர் இல்லை என்று எல்எம்டிபி சொன்னால், பெயரில்தான் பிழை. எல்எம்டிபி முழு முகவரியைக் கொடுத்துக் கேட்கிறது, உங்கள் பாஸ்வேர்ட் கோப்பில் வெறும் பெயர் இருக்கிறது. படி 2-இல் முழு முகவரியை வைத்திருந்தால் இந்தப் பிழையே வராது.

6. இரண்டாவது மூட்டு: கடவுச்சொல்லை டவ்காட்டிடம் கேட்பது

பயனர் மெயில் அனுப்பும்போது போஸ்ட்ஃபிக்ஸ் அவரை அடையாளம் காண வேண்டும். அதற்கென்று தனிக் கடவுச்சொல் பட்டியல் வைக்காதீர்கள். இரண்டு பட்டியல் இருந்தால் ஒருநாள் ஒன்று மட்டும் மாறும். டவ்காட்டின் ஆத் சேவைக்கும் அதே பிரைவேட் அடைவில் ஆத் என்று ஒரு சாக்கெட் வையுங்கள். அனுமதி 0660, உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸ். கடவுச்சொல் சரிபார்ப்பு முறைக்குச் சாசல் என்று பெயர். போஸ்ட்ஃபிக்ஸில் சாசல் வகை (எஸ்எம்டிபிடி சாசல் டைப்) டவ்காட், சாசல் பாதை (எஸ்எம்டிபிடி சாசல் பாத்) பிரைவேட்/ஆத்.

சாசலை மெயின்.சிஎஃப் கோப்பில் பொதுவாகத் திறந்துவிடாதீர்கள். மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் 465, 587 இரண்டின் கீழ் மட்டும் திறங்கள். 25-இல் கடவுச்சொல் கேட்க எந்தக் காரணமும் இல்லை. திறந்திருந்தால் உலகத்தில் உள்ள அத்தனை தானியங்கிகளும் அங்கே கடவுச்சொல் ஊகித்துப் பார்க்கும்.

அந்தப் பகுதியில் வரும் வரிகள் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி கூடாது. மெயின்.சிஎஃப் கோப்பில் இடைவெளி விட்டு எழுதிப் பழகிய கை, இங்கேயும் அப்படியே எழுதிவிடும்.

சோதனை: வெளியிலிருந்து, அதாவது வீட்டுக் கணினியிலிருந்து, 465-இல் நுழைந்து உங்கள் ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்புங்கள். அது குப்பைப் பெட்டியில் விழுந்தாலும் இப்போதைக்குப் பரவாயில்லை.

7. கதவு பூட்டியிருக்கிறதா?

அடுத்த மூட்டுக்குப் போகும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். ரிலே என்றால் மற்றவர் மெயிலை வாங்கி வேறு டொமைனுக்கு அனுப்பிவிடுவது. ரிலே கட்டுப்பாடுகள், அதாவது எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்ற அமைப்பில் மூன்று சொற்கள் இந்த வரிசையில் இருக்க வேண்டும்: நம் நெட்வொர்க்குக்கு அனுமதி, கடவுச்சொல் சொன்னவருக்கு அனுமதி, மற்ற எல்லாருக்கும் நம்முடையதல்லாத டொமைனுக்கு அனுப்ப மறுப்பு. மைநெட்வொர்க்ஸில் லோக்கல்ஹோஸ்ட் மட்டும். அலுவலகத்திலிருந்து அனுப்ப வசதியாக இருக்கும் என்று முழு ஐபி வரம்பையும் சேர்க்காதீர்கள்.

வெளியிலிருந்து 25-இல் தொடர்புகொண்டு, கடவுச்சொல் இல்லாமல், வேறொரு டொமைனுக்கு அனுப்ப முயலுங்கள். ரிலே மறுக்கப்பட்டது என்று வர வேண்டும். சர்வருக்குள்ளிருந்தே சோதித்தால் எப்போதும் அனுமதி கிடைக்கும், அதனால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

8. மூன்றாவது மூட்டு: ஆர்ஸ்பாம்டி

முதலில் பெயருக்கு ஐபி தேடித் தரும் டிஎன்எஸ் தீர்ப்பான் ஒன்றை உள்ளூரிலேயே நிறுவுங்கள், அன்பவுண்ட் போதும். ஸ்பாம்ஹாஸ் போன்ற கறுப்புப் பட்டியல்கள், 8.8.8.8 மாதிரிப் பொதுத் தீர்ப்பான்கள் வழியாகக் கேட்டால் சரியான பதில் தருவதில்லை. தீர்ப்பானை மாற்றிய பிறகு போஸ்ட்ஃபிக்ஸை மறுதொடக்கம் செய்யுங்கள். சிறைக்குள் ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் ஒரு நகல் இருக்கிறது, அது தொடங்கும்போதுதான் புதுப்பிக்கப்படும்.

அடுத்து ஆர்ஸ்பாம்டி தன் தரவை வைக்கும் ரெடிஸ், பிறகு ஆர்ஸ்பாம்டி. அதன் திட்டத்தாரின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே நிறுவுவது நல்லது. போஸ்ட்ஃபிக்ஸில் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ், நான் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ் (முதல் சொல் non) இரண்டிலும் லோக்கல்ஹோஸ்டின் 11332 போர்ட்டைக் கொடுங்கள். இங்கே யூனிக்ஸ் சாக்கெட்டைத் தவிர்த்து போர்ட்டைப் பயன்படுத்துவது என் பழக்கம். சிறைத் தொல்லை, அனுமதித் தொல்லை இரண்டும் இல்லை. மில்டர் டிஃபால்ட் ஆக்‌ஷனை ஏற்றுக்கொள் என்று வையுங்கள். இல்லையென்றால் ஆர்ஸ்பாம்டி நின்றுபோன அன்று எல்லா மெயிலும் தற்காலிக மறுப்பில் வெளியே நிற்கும்.

இப்போது ஜிமெயிலிலிருந்து ஒன்று அனுப்பினால் தாமதமாக வரலாம். லாகில் பிறகு முயலவும் என்று 4-இல் தொடங்கும் பதில் இருந்தால் கான்ஃபிக்கைத் தொடாதீர்கள். சந்தேகப் புள்ளி 4 எட்டிய மெயிலை ஆர்ஸ்பாம்டி ஐந்து நிமிடம் காத்திருக்க வைக்கும். உண்மையான சர்வர் திரும்ப வரும், பெரும்பாலான குப்பைத் தானியங்கிகள் வராது. இதைப் பிழை என்று நினைத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கலைத்தவர்கள் உண்டு.

டிகேஐஎம் சாவியை 2048 பிட்டில் உருவாக்குங்கள். சாவிக் கோப்பின் உரிமை ஆர்ஸ்பாம்டியின் பயனரிடம் இருக்க வேண்டும். ரூட்டாக உருவாக்கி அப்படியே விட்டால் கையெழுத்து விழாது, மெயில் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று: உள்நுழைந்த பயனர் பெயரில் உள்ள டொமைனும் அனுப்புநர் முகவரியின் டொமைனும் பொருந்தினால்தான் ஆர்ஸ்பாம்டி இயல்பாகக் கையெழுத்துப் போடும். முழு முகவரியைப் பயனர் பெயராக வைக்கச் சொன்னதற்கு இரண்டாவது காரணம் இதுதான்.

9. குப்பையைக் குப்பைப் பெட்டிக்கு அனுப்புவது

புள்ளி 6-ஐத் தொட்டால் ஆர்ஸ்பாம்டி மெயிலின் தலைப்பில் எக்ஸ்-ஸ்பாம் என்று ஒரு வரி சேர்க்கும். 15 என்றால் வாசலிலேயே மறுக்கும். அந்த வரியைப் படித்துப் பெட்டி மாற்றுவது டவ்காட்டின் சீவ் வேலை. எல்எம்டிபி பகுதியில் சீவ் பிளகினைச் சேர்த்து, எல்லாருக்கும் பொதுவான ஒரு சிறிய ஸ்கிரிப்டை சீவ் பிஃபோர் அமைப்பில் கொடுங்கள். சீவ்சி கட்டளையால் நீங்களே ஒருமுறை தொகுத்து வையுங்கள். பொது அடைவில் எழுத விமெயில் பயனருக்கு அனுமதி இருக்காது.

10. டிஎன்எஸ் பதிவுகள், கடைசியில் எம்எக்ஸ்

நம் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். செய்திமடல் சேவைக்கென்று இரண்டாவதாக ஒன்று சேர்த்தால் இரண்டும் செல்லாது, ஒரே வரியில் இணைக்க வேண்டும். டிகேஐஎம் பொதுச்சாவி 255 எழுத்துக்கு மேல் போகும் என்பதால் மேற்கோள் குறிக்குள் துண்டு துண்டாகப் போட வேண்டும். இந்தச் சோதனைகளில் தவறும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை, எதுவும் செய்யாதே என்ற நிலையில் தொடங்கி, சில வாரம் அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்குங்கள்.

ஏற்கெனவே வேறிடத்தில் மெயில் ஓடுகிறது என்றால், எம்எக்ஸின் டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரம்) முதல் நாளே குறைத்து வையுங்கள். எம்எக்ஸை மாற்றுவது கடைசி வேலை. அதுவரை பழைய இடம் மெயிலை வாங்கிக்கொண்டிருக்கும், உங்களுக்கும் அவசரமில்லை.

11. ஓடத் தொடங்கிய பிறகு

லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். புதுப்பித்தல் தானாக நடக்கும். ஆனால் டவ்காட் ரீலோட் ஆகும்வரை பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். சான்றிதழைப் புதுப்பிக்கும் சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் ரீலோட் செய்யும் வரியைச் சேருங்கள். இதைச் செய்யாத சர்வர் மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் எல்லார் போனிலும் எச்சரிக்கை காட்டும். அமைத்தவருக்கு அதற்குள் எல்லாம் மறந்திருக்கும்.

லாகில் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது எல்லாம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தேவையில்லாமல் வைத்திருக்கக் கூடிய விஷயமில்லை. எத்தனை வாரம் வைப்பது என்று சங்கமோ நிறுவனமோ முடிவெடுத்து, அதன்படி தானாக அழியும்படி வையுங்கள்.

போஸ்ட்கான்ஃப் -n, டவ்கான்ஃப் -n இரண்டின் வெளியீட்டையும் ஒரு கோப்பில் சேமித்து, சர்வருக்கு வெளியே வையுங்கள். இயல்பிலிருந்து நீங்கள் மாற்றியது மட்டும் அதில் இருக்கும். பிறகு சர்வரை ஒருமுறை முழுதாக மறுதொடக்கம் செய்து 4 முதல் 8 வரை உள்ள சோதனைகளை மறுபடி ஓட்டுங்கள். சாக்கெட்டுகளை உருவாக்குவது டவ்காட்தான். அது எழுவதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ் எழுந்துவிட்டால் முதல் சில மெயில்கள் வரிசையில் நிற்கும், சில நிமிடத்தில் தானாகப் போய்விடும். பத்து நிமிடம் கழித்தும் வரிசை காலியாகவில்லை என்றால், பிரைவேட் அடைவில் இரண்டு சாக்கெட்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.